பதிலில்லாத சங்கீதமும் ஒரு நாற்பது நாள் ஒலித் தியானத் தொடரும்

இடது கையில் இரண்டு ஊசிகள் செருகப்பட்டிருக்கும் நான்கு மணி நேரத்தில் ஒருவர் செய்யக்கூடிய வேலைகள் மிகக் குறைவு. கையைச் சற்று மடக்கினாலும் டயாலிசிஸ் இயந்திரம் கூவத் தொடங்கிவிடும். வலது கையால் மட்டும் கனமான வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டுவதும் இயலாது. ஆகவே, சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும் என்று ஆனபின், கண்ணால் வாசித்துவந்ததைக் காதால் கேட்கத் தொடங்கினேன். சபையில் என்னோடு பழகும் ஒருவர் அனுப்பிய இணைப்பின் வழியாகவே இந்த ஒலித் தியானத் தொடர் எனக்குக் கிடைத்தது. துன்பத்தில் இருக்கும் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு செயலிக்குள் அமைக்கப்பட்டிருக்கும் இத்தொடரில் 40 பகுதிகள் உள்ளன; ஒவ்வொன்றிலும் ஒரு வசனம், அதன்மேல் ஒரு தியானம், முடிவில் ஒரு ஜெபம் என ஏறத்தாழ 15 நிமிடங்கள். நாற்பதையும் கேட்டு முடித்து, சிலவற்றை இரண்டாம் முறையும் கேட்ட பிறகே எழுதுகிறேன். செயலியின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகள் அதற்கு மட்டும் உரியவை அல்ல. நம் பிரசங்கங்களிலும் நலம் விசாரிக்க வருபவர்களின் பேச்சிலும் நெடுநாளாக இருப்பவைதாம்.

முதலில் எளிதாகச் சொல்லிவிடக்கூடியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பேசுபவரின் குரல் நன்றாக இருக்கிறது. அவசரமில்லை, மேடையில் நிற்பதுபோன்ற முழக்கமும் இல்லை. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே வாசிக்கிறார் என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஆறுதல், ஏனெனில் மனப்பாடமான சொற்கள் மயக்கத்திலும் காதில் விழுகின்றன. பின்னணி இசைதான் தொல்லை. துயரமான வசனம் வரும்போதெல்லாம் வயலின் ஒன்று அழத் தொடங்குகிறது. நான் அழ வேண்டிய இடத்தை எனக்கு முன்னதாகவே அது தீர்மானித்துவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்த முடியும் என்பதை 12ஆம் நாளில்தான் கண்டுபிடித்தேன்.

இசையை நிறுத்தியதும் சொற்கள் தெளிவாகக் கேட்டன. அதன்பின்தான் பெரிய குறையும் தெளிவாகக் கேட்டது. முதல் பத்து நாட்களுக்குரிய வசனங்களைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே முறையைப் பின்பற்றியிருக்கிறார்: இருண்ட பத்தியொன்றுக்குள் ஒளிரும் ஒரு வரியை மட்டும் கத்தரித்து எடுத்து, சுற்றியுள்ள இருளை அப்படியே விட்டுவிடுவது. "அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்" என்ற யோபு 23:10 இரண்டாம் நாளுக்குரிய வசனம். அதற்கு இரண்டே வசனங்களுக்கு முன்னால், "இதோ, நான் முன்னாகப்போனாலும் அவர் இல்லை, பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்" என்று, பிள்ளைகளையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்து நிற்கும் அதே யோபு சொல்கிறான். தேவனைத் தேடித் திசையெல்லாம் அலைந்து எங்கும் காணாத ஒருவனுடைய வாயிலிருந்து வருவதால்தான் பொன்னைப் பற்றிய அந்த வரிக்கு எடை இருக்கிறது. முன்வரிகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது சுவரில் மாட்டும் வாசக அட்டைதான்.

நான்காம் நாள் எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வாக்குறுதியை அறியாத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அது வாசிக்கப்படக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப்போகும் நாளைக் காணாமலே இறந்திருப்பார்கள். அவர்களை நோக்கித்தான் தீர்க்கதரிசி வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்குமா என்று தெரியாமல் வரிசையில் காத்திருக்கும் ஒருவனுக்கு, உடனடி விடுதலையைப் பேசும் வசனத்தைவிட, நெடுங்காலம் தங்கப்போகும் இடத்தில் எப்படி வாழ்வது என்று சொல்லும் வசனங்கள் அதிகம் உதவும். அவற்றைத் தொடர் தொடவேயில்லை.

எட்டாம் நாளில் வரும் புலம்பல் 3:22-23 பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வரி எனக்கும் பிரியமானது. அதைச் சொல்லி எழுந்த காலைகள் பல. ஆனால் அது எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்து எரிந்தபின் எழுந்த புத்தகத்தின் நடுவில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரெய எழுத்துகள் 22-இன் வரிசையில் அமைந்த பாடல்கள். மூன்றாம் அதிகாரம் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனங்களுக்கு நீள்கிறது. அதாவது, அழுகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றுவிடாமல் அழுது தீர்க்க வேண்டும் என்று கவிஞர் முடிவெடுத்திருக்கிறார். "நான் கூப்பிட்டுக் கெஞ்சினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்ற எட்டாம் வசனமும், பதுங்கியிருக்கும் கரடியாகவும் சிங்கமாகவும் தேவனைச் சொல்லும் பத்தாம் வசனமும் அதே பாட்டில்தான் இருக்கின்றன. காலைதோறும் புதிதான கிருபையைப் பேசும் வாயும், என் ஜெபத்தை அடைத்தார் என்று குற்றஞ்சாட்டும் வாயும் ஒன்றே. இதைக் கேட்கிறவருக்குச் சொன்னால் விசுவாசம் குலைந்துவிடும் என்று தயாரித்தவர்கள் அஞ்சியிருக்கலாம். எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது: வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்த இரவில்தான், நான் மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த முறையீடுகளுக்கு வேதத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்து கொஞ்சம் மூச்சு விட்டேன்.

திருச்சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தர் 1518ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்த விவாதத்தில் மகிமையின் இறையியல் என்றும் சிலுவையின் இறையியல் என்றும் இரண்டைப் பிரித்துக்காட்டினார். முன்னது தீமையை நன்மை என்றும் நன்மையைத் தீமை என்றும் அழைக்கும், பின்னது உள்ளதை உள்ளபடி சொல்லும் என்பது அவருடைய வாதம். இத்தொடரின் முதல் பகுதி முழுவதும் முன்னதன் சாயலில் இருக்கிறது. நோய் ஒரு பள்ளிக்கூடம், வலி ஒரு பரிசு, சோர்வு ஒரு படிக்கட்டு என்று எதையும் அதன் சொந்தப் பெயரால் அழைக்க விடாமல் வேறு பெயர் சூட்டிக்கொண்டே போகிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த யோபுவின் மூன்று நண்பர்களும் இதைத்தான் செய்தார்கள். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு அவர்களைச் சொன்னதை, பழைய மொழிபெயர்ப்பின் அந்தச் சொல் சேர்க்கைக்காகவே நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என்னைப் பார்க்க வந்த ஒருவர், மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று ஆராய்ந்து பார்க்கும்படி மிக அன்போடு சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் ஆராய்ந்ததெல்லாம் அவரைப் பற்றிய என் எண்ணங்களைத்தான்.

செயலியைப் பற்றிய ஒரு புகாரையும் இங்கேயே முடித்துவிடலாம். நாள் தவறாமல் கேட்டால் ஒரு சுடர் வளரும், ஒரு நாள் தவறினால் அது அணைந்துவிடும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். காய்ச்சலும் குளிரும் வந்து நான் மருத்துவமனையில் படுத்திருந்த மூன்று நாள் கேட்க முடியவில்லை. கண் திறந்து கைபேசியைப் பார்த்தபோது, உங்கள் தொடர் அறுந்துவிட்டது என்ற அறிவிப்பு காத்திருந்தது. நோயாளிகளுக்கென்று தயாரித்த ஒன்றில் நோயைத் தவறாகக் கணக்கிடும் ஏற்பாட்டை எவரும் யோசித்துப் பார்க்காமல் விட்டது வியப்பளிக்கிறது. சாட்சிகள் என்ற பகுதியில் இருப்பவை அனைத்தும் சுகமானவர்களின் சாட்சிகளே; சுகமாகாமலே விசுவாசத்தில் நிற்பவர் ஒருவருடைய குரலும் அங்கே இல்லை.

இந்த அளவில் நிறுத்தியிருந்தால் இத்தொடரைப் பற்றி நான் எழுதியே இருக்க மாட்டேன். இரண்டாம் பாதியில் எழுதுபவர் மாறிவிட்டாரோ என்று தோன்றுமளவுக்குத் தன்மை மாறுகிறது. மாற்றம் உடனே முழுமையாக நிகழ்ந்துவிடவில்லை; 22ஆம் நாள் அதற்குச் சான்று. சிலுவையில் இயேசு சொன்ன "தாகமாயிருக்கிறேன்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அது ஆத்துமாக்களுக்கான தாகம் என்று அரை நிமிடத்தில் ஆவிக்குரிய பொருளுக்குத் தாவிவிடுகிறார். அந்தப் பொருள் பக்தி மரபில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தாகம் என்பது உவமை அல்ல. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்த நீரை மாத்திரைக்கும் உணவுக்கும் பங்கிட்டுவிட்டு, இரவில் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ள, ஒரு சிறு பனிக்கட்டியை வாயில் இட்டு அது கரைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு அந்தச் சொல் வேறு விதமாகக் கேட்கும். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 22:15 அதை அப்படியே சொல்கிறது: பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது. இரத்தம் இழந்து, வெயிலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மனித உடலுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. தேவகுமாரனுக்குத் தொண்டை வறண்டது. பேசுபவர் அந்த வறட்சியில் இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் போதும், எனக்கு அதற்குமேல் எந்தத் தியானமும் தேவைப்பட்டிருக்காது.

27ஆம் நாளுக்கு வருகிறேன். அன்றைய பகுதி 88ஆம் சங்கீதம். கத்தரிப்பு இல்லை, 18 வசனங்களும் முழுமையாக வாசிக்கப்படுகின்றன. சங்கீதங்களில் புலம்பல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை எங்காவது திரும்பிவிடும். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கும் 13ஆம் சங்கீதம்கூட ஆறாம் வசனத்தில் பாட்டாக முடிகிறது. 88 மட்டும் திரும்புவதில்லை. நண்பர்கள் விலகிப்போனதைச் சொல்லி, எபிரெயத்தில் இருள் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. பேசுபவர் வாசித்து முடித்தார். அதன்பின் ஒலி எதுவும் வரவில்லை. இணைப்புப் போய்விட்டது என்று எண்ணி வலது கையின் பெருவிரலால் திரையைத் தட்டிப் பார்த்தேன். நேரக்கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு, "இந்த ஜெபத்துக்கு இங்கே பதில் எழுதப்படவில்லை, ஆனாலும் இது ஜெபம் என்று வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது" என்ற பொருளில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு விளங்கியது. அதே மௌனத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: அத்தனை இருளையும் அந்தச் சங்கீதக்காரன் யாரைப் பற்றியும் பேசாமல் ஒருவரை நோக்கியே பேசுகிறான். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கியவன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கும்போதும் அவர் முகத்தை நோக்கியே கேட்கிறான். சிலுவையிலிருந்து வந்த "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கேள்வியிலும் "என்" இரண்டு முறை வருகிறது.

இதற்குப்பின் வரும் நாட்களில் தொடர் நன்றாகவே நடக்கிறது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று சொல்லும் ரோமர் 8:28-ஐத் துன்பத்தில் இருப்பவர்மேல் எறிவதற்கான கல்லாகப் பயன்படுத்தாமல், இரண்டு வசனம் முன்னால் போய், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஜெபிக்கச் சொல் வராத நாட்கள் எனக்கு உண்டு. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, நாற்காலியைத் தாழ்த்திக் காலை உயர்த்தி வைக்கும் அந்தச் சில நிமிடங்களில் இயேசுவே என்பதற்குமேல் எதுவும் வாயில் வராது. பெருமூச்சையும் ஜெபமாக எண்ணலாம் என்பதை அன்றுதான் நம்பிக்கையோடு ஏற்றுக்கொண்டேன்.

அப்போஸ்தலன் பவுல் தம் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன நீங்காத வேதனையைப் பற்றிய நாளில் எனக்குச் சிறிய மறுப்பு உண்டு. மூன்று தரம் வேண்டிக்கொண்டபின் பவுல் கேட்பதை நிறுத்திவிட்டார், நாமும் நிறுத்திவிட வேண்டும் என்று பேசுபவர் சொல்கிறார். 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் மூன்று தரம் கேட்டதும், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலும் இருக்கின்றன. சுகத்துக்காகக் கேட்பதையே எல்லாரும் கைவிட வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டதும், உம்முடைய சித்தப்படியே ஆகக்கடவது என்று சொன்னதும் ஒரே ஜெபம்தான். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதிக்குப் போகும் பக்குவத்தை ஆண்டவரே தமக்கு விதித்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

காரணம் வேறு, பொருள் வேறு என்பதைத் தெளிவாக்கும் 33ஆம் நாளை, இறையியல் நோக்கில் இத்தொடரின் சிறந்த பகுதி என்று சொல்வேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைத் தாமே எடுத்துக்காட்டி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசு சொல்கிறார். பிறவிக் குருடனைக் கண்டு இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்ட சீஷர்களுக்கு, இரண்டுமல்ல என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு விளக்கம் கொடுக்காமலே கேட்டவர்களை அவர்களுடைய சொந்த வாழ்க்கையை நோக்கித் திருப்புகிறார். எனக்கு ஏன் சிறுநீரகம் பழுதானது என்பதற்கு மருத்துவர் ஒரு பதில் வைத்திருக்கிறார், அது எனக்குப் போதுமானது; இந்த நாற்காலியில் நான் யாருடையவனாக இருக்கிறேன் என்பது மருத்துவரிடம் கேட்கும் கேள்வி அல்ல. இவ்வளவு தூரம் வந்த தயாரிப்பாளர்கள், கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதைத் தம் மாம்சத்தில் நிறைவேற்றுவதாகப் பவுல் சொல்லும் கொலோசெயர் 1:24-ஐ ஏன் தவிர்த்தார்கள் என்று புரியவில்லை. கடினமான வசனம்தான், சிலுவைப் பலியில் குறையுண்டோ என்ற ஐயத்தைச் சீர்திருத்தத் திருச்சபைகள் உடனே எழுப்பும். ஆனால் 1981 மே 13 அன்று சுடப்பட்டு உயிர் பிழைத்த போப் இரண்டாம் ஜான் பால், 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி வெளியிட்ட மடலை இந்த வசனத்தோடுதான் தொடங்கினார். ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். துன்பத்தின் பொருளைப் பற்றிய நாற்பது நாள் தொடரில் அதைக் கடந்து போவது சரியாகாது.

38ஆம் நாள், இயேசுவின் காயங்களைக் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்ற சீஷன் தோமாவைப் பற்றியது. உயிர்த்தெழுந்த உடலில் ஆணிகளின் காயங்கள் இருந்தன, அவை அழிக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்லி, பயன்பாடு எதுவும் கூறாமல் விட்டுவிடுகிறார். என் இடது முன்னங்கையில் ஊசி ஏறி ஏறித் தடித்த இரண்டு மேடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல இரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அந்தப் பகுதியைக் கேட்கும்போது விரல் தானாகவே அங்கே போய்விட்டது.

யாராவது இதைக் கேட்கத் தொடங்கினால், முதல் பத்து நாட்களுக்கு உரிய அதிகாரங்களை முழுமையாகத் தாமே வாசித்துவிட்டு, பதினொன்றாம் நாளிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. நினைவூட்டும் அறிவிப்புகளையும் பின்னணி இசையையும் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். வேறொருவருக்குப் பரிசாக இணைப்பை அனுப்ப நினைப்பவர்கள், இணைப்பை அனுப்புவதற்கு முன் ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் நல்லது.

சென்ற வாரம் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், இத்தனை நேரம் என்னதான் கேட்கிறாய் என்றார். இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அன்று நான் வைத்திருந்தது 27ஆம் நாள். வாசிப்பு முடிந்து மௌனம் தொடங்கியதும் சிறிது பொறுத்துவிட்டு, "நின்னுபோச்சா தம்பி?" என்றார். "இல்லைங்க ஐயா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றேன். முடிந்தபின் அது எந்தச் சங்கீதம் என்று கேட்டு, எடை எழுதித் தரும் சீட்டை நீட்டினார். அதன் பின்பக்கத்தில் 88 என்று எழுதிக் கொடுத்தேன்.